காயமடைந்த இரைகௌவிப் பறவையைக் கண்டால் என்ன செய்வது?

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
மேலதிக வாசிப்பும் பயிற்சியும்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,

• தீவகப் பகுதியில் காணப்படும் முக்கியமான இரைகௌவிப் பறவைகளை இனங்காண்பீர்கள்.
• சக்திப் பாய்ச்சலின் அடிப்படையில் அவற்றின் எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கான காரணத்தை விளக்குவீர்கள்.
• பறவையின் உடலமைப்புக்கும் முதலுதவி முறைக்கும் உள்ள தொடர்பைக் கூறுவீர்கள்.
• காயமடைந்த பறவையொன்றைப் பாதுகாப்பாக உரியவர்களிடம் ஒப்படைக்கும் படிமுறைகளை ஒழுங்காக எழுதுவீர்கள்.

1. அறிமுகம்

காலையில் பாடசாலைக்குச் செல்லும் வழியில், பனை வடலிக்குள் ஒரு செம்பருந்து நிலத்தில் அமர்ந்திருப்பதைக் காண்கிறீர்கள். கிட்டப் போகிறீர்கள், அது பறக்கவில்லை. ஒரு சிறகு நிலத்தில் இழுபடுகிறது. வாயைத் திறந்தபடி உங்களையே பார்க்கிறது. இப்போது என்ன செய்வீர்கள்?

பெரும்பாலானோர் செய்வது மூன்றில் ஒன்று. சிலர் ஒன்றும் செய்யாமல் போய்விடுவர். சிலர் தூக்கிச் சென்று வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவர். வேறு சிலர் சோறோ பாலோ கொடுத்துக் கூட்டில் வைத்து வளர்க்க முயல்வர். முதலாவதை விடப் பின்னிரண்டும் நல்லவை போலத் தோன்றும். ஆயினும் பறவையைப் பொறுத்தவரையில் அவையும் ஆபத்தானவையே. ஏன் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தின் ஐதிகக் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அம்மனுக்குப் பூவெடுத்துக் கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்தது. நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது. கருடன் மற்றொரு கல்லில் அமர்ந்தது. அவ்வழியே வந்த வணிகன் ஒருவன் இரண்டுக்கும் இடையில் சமாதானம் செய்தான் என்பது அக்கதை. கருடன் கல், பாம்பு சுற்றிய கல் என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. இக்கதையில் வணிகன் கருடனைக் கொல்லவில்லை. அதனுடன் பேசியே நாகத்தை விடுவித்தான். இரையும் இரைகௌவியும் ஒரே சூழலில் வாழ்வதைத் தீவக மக்கள் நெடுங்காலமாகக் கண்டு வந்துள்ளனர் என்பதற்கு இக்கதை ஒரு சான்று.

2. தீவகத்தில் காணப்படும் இரைகௌவிப் பறவைகள்

பிற விலங்குகளை வேட்டையாடி உண்பதற்கேற்ற வளைந்த அலகு, கூரிய உகிர்கள், கூர்மையான பார்வை ஆகியவற்றைக் கொண்ட பறவைகள் இரைகௌவிப் பறவைகள் எனப்படும். பகலில் வேட்டையாடும் பருந்து, கழுகு, வல்லூறு ஆகியனவும் இரவில் வேட்டையாடும் கூகை, ஆந்தை ஆகியனவும் இவற்றுள் அடங்கும்.

(அ) செம்பருந்து: தலையும் மார்பும் வெள்ளை, உடலும் சிறகும் செங்கபிலம், வாலின் நுனி வட்டமானது. கருடன் என்று மக்கள் வணங்குவது இதனையே. இறங்குதுறைகளிலும் மீன் காயவிடும் இடங்களிலும் காணலாம்.

(ஆ) கரும்பருந்து: உடல் முழுவதும் கடுங்கபிலம்; வாலின் நுனி பிளவுபட்டது. இலங்கையில் இது பெரும்பாலும் வடக்கு, வடமேற்குக் கரையோரங்களிலேயே காணப்படுகிறது. எனவே யாழ்ப்பாண மாணவர்களுக்கு நன்கு பழக்கமான இப்பறவை, தென்பகுதி மாணவர்கள் பலருக்குப் புதியது.

(இ) வெண்வயிற்றுக் கடற்கழுகு: தலையும் வயிறும் தூய வெள்ளை, முதுகு சாம்பல். சிறகுகளை விரித்தால் ஏறத்தாழ 2 மீற்றர் அகலமிருக்கும். மீனும் கடற்பாம்பும் இதன் உணவு.

(ஈ) வல்லூறு: புறாவின் அளவுடையது. ஓணான், சிறு பறவை, பெரிய பூச்சி ஆகியவற்றை உண்ணும்.

(உ) கூகை: இதய வடிவான வெண்முகம் உடையது. பாழடைந்த வீடுகளிலும் கோயில் கோபுரங்களிலும் தங்கும். எலிகளே இதன் முக்கிய உணவு. இதன் அலறலை அபசகுனம் எனக் கருதிக் கல்லெறிவோர் உள்ளனர். உண்மையில் வயலுக்கும் வீட்டுக்கும் எலித்தொல்லையைக் குறைத்துத் தருவது இப்பறவையே.

இவை தவிர, மாரிகாலத்தில் வடநாடுகளிலிருந்து வலசை வரும் பூனைப்பருந்து, விராலடிப்பான் போன்றனவும் தீவகத்தின் தரவைகளிலும் களப்புகளிலும் தங்கிச் செல்கின்றன. நெடுந்தீவின் ஒரு பகுதி 2015 ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

3. ஒரு பறவை ஏன் இவ்வளவு முக்கியம்?

பின்வரும் உணவுச் சங்கிலியைக் கருதுக.

கடற்புல் → கடற்புல் உண்ணும் மீன் → பெரிய மீன் → கடற்கழுகு

ஒரு போசணை மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு ஏறத்தாழ 10% சக்தியே கடத்தப்படும் எனக் கற்றுள்ளீர்கள். கடற்புல்லில் 20 000 கிலோயூல் சக்தி சேமிக்கப்பட்டிருப்பின்,

கடற்புல் உண்ணும் மீனுக்கு: 2 000 கிலோயூல்
பெரிய மீனுக்கு: 200 கிலோயூல்
கடற்கழுகுக்கு: 20 கிலோயூல்

அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கே கழுகைச் சென்றடைகிறது. எனவே ஒரு கடற்கழுகு வாழ்வதற்குப் பரந்த கடற்பரப்புத் தேவை. உணவுச் சங்கிலியின் உச்சியில் உள்ள விலங்குகள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். அத்துடன் அவை மெதுவாகவே இனம்பெருகும். கோழி ஆண்டு முழுவதும் முட்டையிடும். கடற்கழுகோ ஒரு பருவத்தில் பொதுவாக இரண்டு முட்டைகளே இடும். அவற்றிலிருந்து வரும் குஞ்சுகள் முதிர்ச்சியடையச் சில ஆண்டுகள் செல்லும். ஆகவே முதிர்ந்த பறவை ஒன்று இறந்தால் அந்த இடத்தை நிரப்ப நீண்ட காலம் எடுக்கும்.

இதற்கு அயல்நாட்டிலிருந்து ஒரு பாடம் உண்டு. 1990களில் இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் இறந்தன. மாடுகளுக்கு நோநிவாரணியாகக் கொடுக்கப்பட்ட டைக்குளோபெனக் என்னும் மருந்து, இறந்த மாடுகளை உண்ட கழுகுகளின் சிறுநீரகங்களைப் பாதித்தமையே காரணம் என 2004 ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். அதற்குள் மூன்று இனக் கழுகுகளின் எண்ணிக்கை 95 சதவீதத்துக்கும் மேலாகக் குறைந்துவிட்டது. 2006 இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. ஆயினும் கழுகுகள் இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

4. காயம் ஏற்படும் வழிகள்

தீவகச் சூழலில் பின்வருவன முக்கியமானவை.

• மீன்பிடி வலை, தங்கூசி, தூண்டில் ஆகியவற்றில் சிக்குதல்
• மின்கம்பியில் மோதுதல், மின் தாக்குதல்
• வீதியில் வாகனம் மோதுதல்
• பட்ட நூலில் சிக்குதல்
• கல்லெறி, கவண் அடி
• நஞ்சூட்டப்பட்ட எலியை உண்ணல்

இவற்றுள் பட்ட நூலைச் சற்று விரிவாகக் கவனிப்போம். தைப்பொங்கல் காலத்தில் வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவும் ஊர்தோறும் விண்பூட்டிய பட்டங்களும் நமது பண்பாட்டின் பெருமை. ஆனால் அறுந்த நைலோன் நூல் மரத்திலும் கம்பியிலும் பல மாதங்கள் தொங்கிக் கிடக்கும். பறவையின் கண்ணுக்கு அது எளிதில் தெரியாது.

தில்லி நகரில் இதன் விளைவு மிகத் தெளிவாகக் காணப்பட்டது. அங்கு பட்டப் போட்டிக்காகக் கண்ணாடித்தூள் பூசிய ‘மாஞ்சா’ நூல் பயன்படுத்தப்பட்டது. நம் ஊரில் வட்டமிடும் அதே கரும்பருந்து இனமே தில்லி வானிலும் பெருந்தொகையாக உள்ளது. நூல் பட்டுச் சிறகு அறுந்து விழும் பருந்துகளை நதீம் செஷாத், முகம்மது சவுத் என்னும் சகோதரர்கள் எடுத்துச் சிகிச்சை அளித்து வருகின்றனர். பதின்ம வயதில் அவர்கள் காயமடைந்த பருந்தொன்றைப் பறவை மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டு சென்றபோது, அது இறைச்சி உண்ணும் பறவை என்பதால் ஏற்க மறுக்கப்பட்டது. பின்னர் அவர்களே தங்கள் வீட்டில் பருந்துகளைப் பராமரிக்கத் தொடங்கி, 2010 இல் அதனை ஓர் அமைப்பாக்கினர். ஆயிரக்கணக்கான பறவைகள் அவர்களிடம் வந்துள்ளன. அவர்களைப் பற்றிய ‘ஆல் தட் பிரீத்ஸ்’ என்னும் ஆவணப்படம் 2022 இல் வெளிவந்து சர்வதேச விருதுகளைப் பெற்றது. 2017 ஆம் ஆண்டில் இந்தியாவின் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலோன் மாஞ்சா நூலுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது.

இதிலிருந்து இரண்டு உண்மைகளை அறியலாம். முதலாவது, அறுந்த தசைநாணைச் சீராக்குவது கடினம். அதற்குப் பல ஆண்டுப் பயிற்சியும் கால்நடை வைத்தியரின் துணையும் வேண்டும். அது ஒரு மாணவர் வீட்டில் செய்யக்கூடிய வேலையன்று. இரண்டாவது, அறுந்த நூலைச் சேர்த்து எடுத்து அப்புறப்படுத்துவது ஒவ்வொரு மாணவரும் செய்யக்கூடிய வேலை.

5. உடலமைப்பும் முதலுதவியும்

முதலுதவி விதிகளை மனனம் செய்வதிலும் பார்க்க அவற்றின் காரணத்தை விளங்கிக்கொள்வது எளிது. பின்வரும் ஐந்து இயல்புகளையும் கவனிக்குக.

(1) பறவைக்குப் பிரிமென்றகடு இல்லை. மனிதனில் பிரிமென்றகட்டின் அசைவு சுவாசத்துக்கு உதவுகிறது. பறவையோ மார்பென்பை முன்னும் பின்னும் அசைத்தே வளிப்பைகளுக்குள் காற்றை இழுக்கிறது. எனவே மார்பை இறுக்கிப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் பறவை மூச்சடைத்து இறக்கும்.

(2) வாதனாளியின் துவாரம் நாக்கின் அடியில் உள்ளது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் அது வாதனாளியினுள் எளிதில் புகுந்துவிடும். “தண்ணீர் கொடுத்தேன், உடனே இறந்துவிட்டது” எனப் பலர் கூறுவதன் காரணம் இதுவே.

(3) பறவையின் என்புகள் மெல்லிய சுவருடையவை; பல என்புகள் உள்ளே காற்றறைகள் கொண்டவை. பறப்பதற்கு இது வசதி. ஆனால் முறிந்தால் கூரிய சிம்புகளாகி, தசையையும் தோலையும் கிழிக்கும். சிறகைப் பிடித்துத் தூக்கினால் சிறிய முறிவும் பெரிய முறிவாகும்.

(4) பறவையின் உடல் வெப்பநிலை 40°C அளவில் உள்ளது. அனுசேப வீதமும் அதிகம். அச்சத்தால் இதயத் துடிப்பு மேலும் உயரும். காயத்தைத் தாங்கிய பறவை அச்சத்தால் இறப்பதும் உண்டு. பகல் பறவைகள் பார்வையையே பெரிதும் நம்பியிருப்பதால், இருளில் வைத்தால் அடங்கும். எனவே இருள் இங்கு ஒரு மருந்து.

(5) இவற்றின் ஆயுதம் அலகன்று, உகிர்களே. இரையைப் பற்றியதும் விரல்கள் இறுகிக்கொள்ளும். இழுத்து விடுவிக்க முடியாது. காயமடைந்த பறவை மல்லாந்து படுத்துக் கால்களை நீட்டினால் அது சரணடைதல் அன்று. தாக்கத் தயாராகும் நிலை.

6. செய்ய வேண்டியவை – படிமுறைகள்

படி 1: நின்று பாருங்கள்.
உடனே ஓடிப் பிடிக்காதீர்கள். ஏறத்தாழ 15 நிமிடம் தூரத்தில் நின்று கவனியுங்கள். பறக்கப் பழகும் இளம் பறவை நிலத்தில் இறங்கி நிற்பது இயல்பு. முழு இறகும் வளர்ந்து, இரண்டு கால்களாலும் நின்று, சிறகுகளைச் சமமாக மடித்து வைத்திருந்தால் அதற்கு உதவி தேவையில்லாதிருக்கலாம். தாய்ப்பறவை அருகிலேயே இருக்கும். நாய், பூனைகளை மட்டும் விலக்கிவிடுங்கள்.
ஒரு சிறகு தொங்குதல், குருதி வடிதல், நிற்க முடியாமை, தலை சாய்தல், கண்ணை மூடியபடி இருத்தல், நூலோ வலையோ சுற்றியிருத்தல் ஆகியன உதவி தேவை என்பதற்கான அறிகுறிகள்.

படி 2: பெரியவர் ஒருவரை அழையுங்கள், தகவல் கொடுங்கள்.
தனியாகச் செயற்படாதீர்கள். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்னும் இலக்கத்துக்கு அழைத்து, இடம், பறவையின் தோற்றம், காயத்தின் தன்மை ஆகியவற்றைக் கூறுங்கள். உங்கள் பிரதேசத்துக்குரிய அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவிக்கலாம். மின்கம்பியில் பறவை தொங்கினால் தடியாலும் தொடக்கூடாது. மின்சார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

படி 3: பெட்டியை ஆயத்தம் செய்யுங்கள்.
பறவையைப் பிடிக்குமுன் பெட்டி தயாராக இருக்க வேண்டும். பறவை நிற்கக்கூடிய அளவுள்ள மட்டைப்பெட்டி நல்லது. பக்கங்களில் பேனை நுழையும் அளவில் சில துளைகள் இடுங்கள். அடியில் பழைய துவாய் ஒன்றை விரியுங்கள். கம்பிக் கூடு வேண்டாம். கம்பியில் அடிபட்டு இறகு ஒடிந்தால், அடுத்த இறகு முளைக்கும்வரை, காயம் மாறியபின்னும் பறவையால் நன்கு பறக்க முடியாது.

படி 4: மூடிப் பிடியுங்கள்.
இதனைப் பெரியவரே செய்ய வேண்டும். தடித்த கையுறையும் கண்ணாடியும் அணிவது நல்லது. பின்புறமாக மெதுவாகச் சென்று, பெரிய துவாயைத் தலையும் உடலும் மூடும்படி போட வேண்டும். சிறகுகள் உடலோடு ஒட்டியிருக்குமாறு இரண்டு பக்கமும் அணைத்து, கால்களை உகிருக்கு மேலே பற்றிக்கொள்ள வேண்டும். மார்பை இறுக்கக் கூடாது. கடற்கழுகு போன்ற பெரிய பறவையைப் பயிற்சியற்றவர் பிடிக்காமல், அலுவலர் வரும்வரை காவல் இருப்பதே நல்லது.

படி 5: இருளும் அமைதியும் கொடுங்கள்.
பெட்டியில் வைத்தபின் துவாயைத் தளர்த்தி எடுத்து, பெட்டியை மூடுங்கள். நிழலான, காற்றோட்டமுள்ள, சத்தமற்ற இடத்தில் வையுங்கள். அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம். கைத்தொலைபேசியில் படம் எடுப்பதற்காக வெளியே எடுக்கவும் வேண்டாம்.

படி 6: குறிப்பு எழுதுங்கள்.
கண்ட இடம், திகதி, நேரம், கண்ட நிலை, நீங்கள் செய்தவை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டுங்கள். குணமான பறவையைக் கண்ட இடத்துக்கு அருகிலேயே விடுவிக்க வேண்டும். ஏனெனில் அதன் துணையும் கூடும் அங்கேயே இருக்கலாம்.

படி 7: கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.
பறவைகளிலிருந்து சல்மனெல்லா முதலிய கிருமிகள் தொற்றலாம். பறவைக் காய்ச்சல் உலகின் பல நாடுகளில் காட்டுப் பறவைகளையும் பாதித்து வருகிறது. ஓரிடத்தில் பல பறவைகள் இறந்து கிடந்தால் ஒன்றையும் தொடாமல் அதிகாரிகளுக்கு அறிவியுங்கள்.

7. செய்யக் கூடாதவை

• வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.
• பால், சோறு, பாண் கொடுக்கக் கூடாது. பறவையால் பாலைச் சமிபாடடையச் செய்ய முடியாது. சோறும் பாணும் இரைகௌவியின் உணவல்ல. அதிர்ச்சி நிலையில் உள்ள பறவைக்கு இறைச்சியும் உடனே கொடுக்கக் கூடாது. உணவு எப்போது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.
• மனிதருக்குரிய வலி மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது. பிணந்தின்னிக் கழுகுகளுக்கு நேர்ந்ததை நினைவிற் கொள்க.
• மஞ்சள், எண்ணெய் பூசக் கூடாது. எண்ணெய் பட்ட இறகு நீரையும் குளிரையும் தடுக்கும் தன்மையை இழக்கும்.
• முறிந்த சிறகைத் தடி வைத்துக் கட்டக் கூடாது.
• தூண்டில் கொளுக்கியை இழுத்து எடுக்கக் கூடாது. தங்கூசியை ஒரு சாண் அளவு விட்டு வெட்டி, கொளுக்கியுடன் பறவையை ஒப்படைக்க வேண்டும்.
• வலையிலிருந்து எடுத்தவுடன் பறக்க விடக் கூடாது. நூல் இறுக்கிய இடத்தில் குருதியோட்டம் தடைப்பட்டு இழையம் இறந்திருக்கலாம். இப்பாதிப்பு சில நாட்களின் பின்னரே தெரியும். மின் தாக்கிய காயமும் அவ்வாறே.
• குஞ்சை வீட்டில் வளர்க்கக் கூடாது. சிறுவயதில் தனக்கு உணவூட்டுபவரையே தன் இனமாகப் பதிவுசெய்துகொள்ளும் இயல்பு பறவைக்கு உண்டு. மனிதரிடம் வளர்ந்த பருந்துக்கு வேட்டையாடத் தெரியாது. மனிதரைக் கண்டு அஞ்சவும் தெரியாது. அதைத் திறந்துவிட்டாலும் அது பிழைப்பது அரிது.

8. தீவக மாணவர் கவனிக்க வேண்டியது

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகிய இடங்களிலிருந்து பாலங்கள் வழியாகத் தரைமார்க்கமாகவே யாழ்ப்பாணம் செல்லலாம். நயினாதீவு, நெடுந்தீவு மாணவருக்கு அவ்வாறன்று. அவர்கள் முதலில் படகேறிக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைய வேண்டும். நெடுந்தீவிலிருந்து இப்பயணம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எடுக்கும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் படகு புறப்படாமலும் போகலாம். ஆகவே பறவையைக் கண்டதும் நீங்கள் எடுக்கும் தீர்மானங்கள் மற்றைய இடங்களை விட இங்கு முக்கியமானவை.

முதலில் தொலைபேசியில் அறிவித்து, அலுவலர் வருவாரா, அல்லது பறவையை அனுப்ப வேண்டுமா என்று கேளுங்கள். கேட்காமல் படகில் ஏற்றினால், அக்கரையில் பொறுப்பேற்க ஆளின்றிப் பறவை வெயிலில் காத்திருக்க நேரிடும். அனுப்பும்படி கூறினால், யார், எங்கே, எத்தனை மணிக்குப் பொறுப்பேற்பார் என்பதை உறுதி செய்யுங்கள்.

படகில் பெட்டியை இயந்திரத்துக்கு அருகில் வைக்காதீர்கள். சூடும் சத்தமும் புகையும் பறவைக்குக் கேடு. கடல்நீர் தெறிக்காத, நிழலான, சமமான இடத்தில் வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பொலித்தீனால் மூடக் கூடாது. நனையாதிருக்கத் துணி போதும்.

படகு இல்லாத இரவில் என்ன செய்வது? பெட்டியை இருளான அறையில் வைத்து, கதவை மூடி, காலைப் படகுக்கு ஆயத்தம் செய்யுங்கள். காயமடைந்த பறவைக்கு ஓரிரவு பட்டினி கிடப்பதை விட, அச்சத்துடன் கையாளப்படுவதே பெரிய ஆபத்து. ஓர் இரவைத் தாண்டியும் அனுப்ப முடியாதெனின், மீண்டும் தொலைபேசியில் ஆலோசனை கேட்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் பறவை இறக்கலாம். காயமடைந்த எல்லாப் பறவைகளும் பிழைப்பதில்லை. அதற்காக மனம் தளர வேண்டாம். நீங்கள் எழுதிய குறிப்பு, எந்த இடத்து மின்கம்பி, எந்தக் கரையில் கைவிடப்பட்ட வலை என்று காட்டும். அடுத்த பறவைக்கு அது உதவும்.

9. சட்டம் கூறுவது

1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இப்பறவைகள் பாதுகாக்கப்பட்டவை. இச்சட்டம் 1993 இலும் 2009 இலும் திருத்தப்பட்டது. இவற்றைக் கொல்லுதல், பிடித்தல், அனுமதியின்றி வைத்திருத்தல், முட்டையையோ கூட்டையோ அழித்தல் ஆகியன குற்றமாகும். இரக்கத்தினால் வளர்த்தாலும் அனுமதியின்றி வைத்திருத்தல் என்பதில் மாற்றமில்லை. எனவே எடுத்தவுடன் அறிவிப்பது பறவைக்கும் நன்மை, உங்களுக்கும் பாதுகாப்பு.

10. நினைவிற் கொள்க

• பார், அறிவி, மூடு, இருளில் வை, ஒப்படை – இதுவே ஒழுங்கு.
• நீர் வேண்டாம், உணவு வேண்டாம், மருந்து வேண்டாம்.
• உங்கள் வேலை குணப்படுத்துவதன்று. மேலும் காயப்படாமல் உரியவரிடம் சேர்ப்பதே.

11. பயிற்சி வினாக்கள்

பகுதி அ – மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. பறவையின் மார்பை இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்பதற்கான காரணம்
(1) இறகு உதிரும் (2) பிரிமென்றகடு இல்லாமையால் மார்பின் அசைவு சுவாசத்துக்கு அவசியம் (3) இதயம் மார்பில் இல்லை (4) உகிர் முறியும்

2. வாலின் நுனி பிளவுபட்ட, கடுங்கபில நிறப் பறவை
(1) செம்பருந்து (2) கடற்கழுகு (3) கரும்பருந்து (4) கூகை

3. கடற்புல்லில் 50 000 கிலோயூல் சக்தி இருப்பின், பாடத்தில் தரப்பட்ட உணவுச் சங்கிலியில் கடற்கழுகுக்குக் கிடைப்பது
(1) 5 000 (2) 500 (3) 50 (4) 5 கிலோயூல்

4. வலையில் நீண்ட நேரம் சிக்கிய பறவையை உடனே பறக்க விடக் கூடாது. ஏனெனில்
(1) அது பசியுடன் இருக்கும் (2) இழையப் பாதிப்புப் பின்னரே தெரியலாம் (3) வலை மீனவருக்குச் சொந்தமானது (4) அது திரும்பி வராது

பகுதி ஆ – அமைப்புக் கட்டுரை வினா

நெடுந்தீவைச் சேர்ந்த மாணவி ஒருத்தி பிற்பகல் 5.00 மணிக்கு, தங்கூசி சுற்றிய காலுடன் ஒரு செம்பருந்து பனையடியில் கிடப்பதைக் காண்கிறாள். அன்றைய கடைசிப் படகு புறப்பட்டுவிட்டது. அவளது தம்பி ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவருகிறான்.

(i) பால் கொடுக்கக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் தருக.
(ii) அன்றிரவு அவள் செய்ய வேண்டியவற்றை ஒழுங்காக எழுதுக.
(iii) மறுநாட் காலை படகில் அனுப்புமுன் உறுதிசெய்ய வேண்டியவை எவை?
(iv) தம்பி அதனை வளர்க்க விரும்புகிறான். அவனுக்கு நீர் கூறும் விடயங்கள் இரண்டு எழுதுக.

விடைகள்

பகுதி அ: 1 – (2), 2 – (3), 3 – (3), 4 – (2)

பகுதி ஆ:
(i) பறவையால் பாலைச் சமிபாடடையச் செய்ய முடியாமை. வாயில் ஊற்றும் திரவம் வாதனாளியினுள் புகக்கூடியமை.
(ii) பெரியவரை அழைத்தல், 1992 இற்கு அறிவித்தல், துளையிட்ட மட்டைப்பெட்டியை ஆயத்தம் செய்தல், பெரியவர் துவாயால் மூடிப் பிடித்துப் பெட்டியில் வைத்தல், இருளான, அமைதியான அறையில் வைத்தல், குறிப்பு எழுதுதல், கை கழுவுதல். (தங்கூசி பனையிலோ வலையிலோ பிணைந்திருந்தால், அதனை ஒரு சாண் விட்டு வெட்டலாம், காலில் இறுகிய பகுதியை வைத்தியருக்கு விட வேண்டும்.)
(iii) பொறுப்பேற்பவர், இடம், நேரம், கடல்நிலை, படகில் நிழலும் காற்றோட்டமும் உள்ள இடம், பெட்டியுடன் செல்பவர்.
(iv) அனுமதியின்றி வைத்திருத்தல் சட்டப்படி குற்றம். மனிதருடன் பழகினால் அது மீண்டும் காட்டுப் பறவையாக வாழ்வது கடினம்.

செயற்பாடு: உங்கள் பாடசாலைச் சுற்றாடற் கழகத்தின் மூலம், தைப்பொங்கல் முடிந்த வாரத்தில் கடற்கரையிலும் வீதியோர மரங்களிலும் கைக்கெட்டும் உயரத்தில் கிடக்கும் பட்ட நூல், தங்கூசித் துண்டுகளைச் சேகரித்து நிறுத்துப் பாருங்கள். மின்கம்பியில் உள்ளவற்றைத் தொடாதீர்கள். சேகரித்த நிறையை ஆண்டுதோறும் பதிந்து, அது கூடுகிறதா குறைகிறதா என ஒப்பிடுங்கள்.